எண்ணுகிற கை சரியாக எண்ணுகிறதா?

கலியாணமாகி இரண்டு வருஷம் கழிந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், நம் குடும்பங்களில் எல்லோருடைய கண்ணும் மருமகள் மீதுதான் திரும்புகிறது. விரதம் இருப்பவள் அவள். திருக்கருகாவூருக்குப் போய்ப் பிரசாத நெய் வாங்கி வருபவள் அவள். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள் என்று பழமொழி கேலி செய்வதும் அவளைத்தான். டாக்டரிடம் போனாலும் முதல் ஸ்கானும் முதல் ரத்தப் பரிசோதனையும் அவளுக்கே. கணவனையும் பரிசோதிக்க வேண்டும் என்ற பேச்சு எழுவதற்குள் பல வீடுகளில் மேலும் ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடுகிறது.

விஞ்ஞானம் சொல்வது வேறு. உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்கிட்டுக் கூறியது. இப்படித் தவிக்கும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம், முழுமையாகவோ ஓரளவுக்கோ, ஆணின் பங்கும் இருக்கிறது. அந்தப் பங்கைக் கண்டறிய உள்ள முதல் வழி விந்துப் பரிசோதனை. அதற்கு ஊசி வேண்டாம். மயக்க மருந்து வேண்டாம். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சைகளுக்கெல்லாம் வாசற்படி இந்தச் சிறு பரிசோதனைதான்.

இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ரத்தத்தையும் சிறுநீரையும் பற்றிப் பேசக் கூசாத நாம் இதற்கு மட்டும் கூசுவதால்தான் இதில் நடக்கும் தவறுகள் வெளியே வருவதில்லை. அந்தத் தவறுகளின் சுமை குடும்பங்களின் தலையில் விழுகிறது.

தெருவுக்கு ஒரு பரிசோதனைக்கூடம்

மயிலாப்பூர் மாடவீதிகளிலிருந்து லஸ் முனை வரையில், தியாகராய நகர் பனகல் பூங்காவைச் சுற்றி, அடையாறு சிக்னலிலிருந்து பெசன்ட் நகர் போகும் வழியில் என்று எங்கு நடந்தாலும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பலகையைப் பார்க்கலாம். குழந்தைப்பேறு சிகிச்சை நிலையங்களின் பலகைகளுக்கும் குறைவில்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990-ல் நுங்கம்பாக்கத்தில் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் பிறந்தது முதற்கொண்டு, இந்தச் சிகிச்சைக்குப் பல மாநிலத்தாரும் நாடி வரும் நகரமாகச் சென்னை வளர்ந்துவிட்டது. எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் அரசாங்கமே குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தைத் தொடங்கியிருக்கிறது.

ஆனால், பெரிய நிலையத்தின் படி ஏறுவதற்கு முன் பெரும்பாலோர் தங்கள் பேட்டையில் உள்ள சிறு பரிசோதனைக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருப்பவர் காலையில் முப்பது பேருக்குச் சர்க்கரை பார்த்தவர். நடுவில் சிறுநீர் பார்த்தவர். வாரத்தில் இரண்டு மூன்று முறை விந்தையும் பார்ப்பவர். அவர் எழுதிக் கொடுக்கும் காகிதத்தை வைத்துத்தான் டாக்டர் மேலே போகிறார். அதை வைத்துத்தான் ஒரு குடும்பத்தின் பேச்சும் திரும்புகிறது. அந்தக் காகிதத்தில் உள்ள எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு சோறு பதமாகுமா?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால் அது சரி. விந்து அப்படிப்பட்ட பானையன்று. வெளிப்படும்போது அது கூழ்போல் கெட்டியாக இருக்கும். 15 முதல் 30 நிமிஷத்துக்குள் இளகும். சிலருக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். இளகிய பின்னும் ஓரிடத்தில் அணுக்கள் திரளாகவும் ஓரிடத்தில் அருகியும் இருக்கும். நன்றாகக் கலக்காமல் எடுத்த துளி பொய் சொல்லும்.

அடுத்தது எண்ணும் வேலை. ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டையே இதற்கும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன் ஆழம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மாதிரியை அளந்து நீர்த்து, தகட்டின் இரு பக்கங்களிலும் தனித்தனியே இட்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தது 200 அணுக்களை எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளும் அனுமதித்த அளவுக்கு மேல் வேறுபட்டால் இரண்டையும் தள்ளிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி? கணக்கைப் பார்த்தால் புரியும். 400 அணுக்களை எண்ணினால், தற்செயலால் மட்டும் நேரும் பிழை சுமார் 5 சதவிகிதம். 100 எண்ணினால் 10 சதவிகிதம். அவசரத்தில் 25 எண்ணி நிறுத்தினால் 20 சதவிகிதம். உண்மையில் ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் உள்ள ஒருவருக்கு, 25 மட்டும் எண்ணுகிற ஒரு டெக்னீஷியன் 1 கோடியே 30 லட்சம் என்று எழுதலாம். அதே தெருவில் இன்னொருவர் 1 கோடியே 90 லட்சம் என்று எழுதலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. போதிய அளவு எண்ணவில்லை, அவ்வளவுதான். கட்டமிட்ட தகடே இல்லாமல் கண்மதிப்பாகச் சொல்கிறவர்களின் எண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அசையாதது எல்லாம் செத்ததல்ல

அணுக்களின் ஓட்டத்தைக் கணிப்பது இன்னும் நுட்பமான வேலை. நேரம் ஆக ஆக ஓட்டம் குறையும். ஆகவே மாதிரி வெளிப்பட்டு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். தியாகராய நகரில் ஒருவர் வீட்டிலேயே மாதிரி எடுத்துக்கொண்டு, மாலை நெரிசலில் நந்தனம், சைதாப்பேட்டை கடந்து அடையாறு வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாத்திரத்தை மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தாரா, அல்லது ஏஸி காரில் குளிர்காற்று வீசுகிற இடத்தில் வைத்திருந்தாரா? கூடத்துக்கு வந்தபின் அது மேஜைமேல் எத்தனை நேரம் காத்திருந்தது? இவற்றைக் கேட்டு எழுதாத ரிப்போர்ட்டில் ஓட்டம் குறைவு என்று கண்டிருந்தால், குறை மனிதனிடமா, போக்குவரத்திலா என்று யார் சொல்ல முடியும்?

நம்மிடையே இன்னும் புழங்கும் பல ரிப்போர்ட்டுகளில் சுறுசுறுப்பானவை இத்தனை, மந்தமானவை இத்தனை, செத்தவை இத்தனை என்று மூன்று வரி காணப்படும். அசையாத அணு எல்லாம் செத்த அணுவன்று. ஈயோசின் என்ற சாயத்தை இட்டுப் பார்த்தால் செத்தவை சாயத்தை உறிஞ்சிச் சிவக்கும். உயிருள்ளவை வெள்ளையாகவே நிற்கும். உயிரோடிருந்தும் ஓடாதிருப்பது ஒரு வகைக் கோளாறு; செத்துப் போயிருப்பது வேறு வகை. சிகிச்சையும் வேறு. சாயம் போடாமலே செத்தவை என்று எழுதுவது, நாடி பார்க்காமல் மரணச் சான்று கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிலும் கொடியது, அணுக்களே இல்லை என்ற ஒற்றை வரித் தீர்ப்பு. அதை எழுதுமுன் மாதிரியைச் சுழல் இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படியும் வண்டலையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அங்கே நாலைந்து அணுக்கள் அகப்பட்டாலும் டாக்டருக்குத் திறக்கும் வழிகள் வேறு. 1992-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தார், ஓர் அணுவையே ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் கர்ப்பம் உண்டாக்கியதை உலகுக்கு அறிவித்த பிறகு, இல்லை என்பதற்கும் மிகச் சில உண்டு என்பதற்கும் இடையே ஒரு குழந்தை நிற்கிறது என்று சொல்லலாம்.

அளவும் புளிப்பும் கூடப் பேசும். அணு இல்லாமல், மொத்த அளவும் குறைந்து, புளிப்புத் தன்மையும் மிகுந்திருந்தால், அணுக்கள் உற்பத்தியாகியும் வழி அடைத்திருக்கலாம், அல்லது அந்தக் குழாயே பிறவியில் அமையாதிருக்கலாம் என்று தேர்ந்த டாக்டர் ஊகிப்பார். அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டால் அவர் எதைக் கொண்டு ஊகிப்பார்?

எல்லைக்கோடும் அதன் பொருளும்

1951-ல் நியூயார்க்கில் ஜான் மக்லியாட் என்பவர், குழந்தை பெற்ற ஆயிரம் ஆண்களையும், குழந்தையில்லாத ஆயிரம் தம்பதிகளின் ஆண்களையும் ஒப்பிட்டார். அங்கிருந்து, மில்லி லிட்டருக்கு 2 கோடி என்ற எண் உலகெங்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு 2010-ல் அதை 1 கோடியே 50 லட்சம் ஆக்கியது. 2021-ல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் அது 1 கோடியே 60 லட்சம். முன்னேறி ஓடும் அணுக்கள் 30 சதவிகிதம், சரியான உருவமுள்ளவை 4 சதவிகிதம் என்பன அப்பதிப்பின் மற்றக் கீழ் அளவுகள்.

இந்த எண்கள் கருவுறச் செய்யவல்லவனுக்கும் மாட்டாதவனுக்கும் நடுவே எழுப்பிய மதில் அல்ல. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்கள், 12 நாடுகளில் 3,500 பேருக்கு மேல், பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் மிகக் குறைந்த எண்ணிக்கையுடைய 5 சதவிகிதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அங்கே கிழித்த கோடு இது. கோட்டுக்குக் கீழே நின்ற அந்த ஐந்து சதவிகிதத்தினரும் தகப்பன்மார்களே! நூற்றில் 96 அணுக்கள் உருவம் சரியில்லாதவை என்று கண்டால் இளைஞன் இடிந்து போகிறான். நாலு சரியாக இருந்தாலே போதும் என்ற செய்தியை அந்தக் காகிதம் அவனுக்குச் சொல்வதில்லை.

ஒரே பரிசோதனையைக் கொண்டும் முடிவு கட்டலாகாது. அணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. இன்று வந்த ரிப்போர்ட், இரண்டு மாதத்துக்கு முன் அடித்த ஜுரத்தின் கதையையும் சேர்த்தே சொல்லும்.

பயிற்சியால் ஆவது என்ன?

இந்த வேலைக்குப் பெரிய மேதை வேண்டியதில்லை; முறையாகக் கற்ற கை வேண்டும். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 1990-களின் நடுவிலிருந்து இதற்கென்றே சில நாள் பயிற்சி வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரியை எண்ணுவார்கள். தேர்ந்தவர்கள் கண்ட எண்ணோடு ஒப்பிடுவார்கள். எங்கே பிசகினோம் என்று பார்த்து மறுபடியும் எண்ணுவார்கள். 1995 முதல் 1999 வரை நடந்த வகுப்புகளின் பலனை 2002-ல் வெளியிட்டார்கள். வகுப்பில் சேர்ந்த அன்று ஒருவருக்கொருவர் வெகுவாக வேறுபட்ட எண்ணிக்கைகள், முடிவில் நெருங்கி வந்தன. வந்தவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்லர். பலர் தொழிலில் இருந்தவர்களே. அனுபவம் வேறு, பயிற்சி வேறு. தவறாகச் செய்வதைப் பத்து வருஷம் செய்தால் அது பத்து வருஷ அனுபவமாகிவிடும், சரியாகிவிடாது.

நல்ல பயிற்சி மைக்ராஸ்கோப்போடு நிற்பதில்லை. வருகிறவரிடம் பேசவும் கற்றுக் கொடுக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் வரை சேர்க்கை இல்லாமல் இருந்தீர்களா, மாதிரி முழுவதும் பாத்திரத்தில் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். முதலில் வெளிவரும் பகுதியில்தான் அணுக்கள் மிகுதி. அது சிந்திப் போனால் கணக்கு முழுவதும் பிசகும். கூச்சத்தில் அதைச் சொல்லாமல் மறைப்பவர்களே அதிகம். கழிப்பறையைக் காட்டிவிட்டுப் பின்னால் நின்று சிரிக்கிற கூடத்தில் யார் உண்மை சொல்வார்கள்? தாழ்ப்பாள் உள்ள சுத்தமான அறையும் மரியாதையான ஒரு வார்த்தையும் இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய கருவிகளே.

நான்கு ஏடுகளும் ஒரு நாற்காலியும்

2021-ம் வருஷத்தை இத்துறையில் விசேஷமான வருஷம் எனலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறாம் பதிப்பு அவ்வருஷம் வந்தது. அடிப்படை விந்துப் பரிசோதனைக்கென்றே 23162 என்ற எண்ணுள்ள சர்வதேசத் தர விதியும் அதே வருஷம் வந்தது. பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பர்களையும் உள்ளடக்கிய துணை மருத்துவத் தொழிலாளர் தேசிய ஆணையச் சட்டமும் அவ்வருஷமே நிறைவேறியது. வருஷ முடிவில், செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் நிறைவேறி, 2022 ஜனவரி 25-ல் அமலுக்கு வந்தது.

கடைசியாகச் சொன்ன சட்டம் சிகிச்சை நிலையங்களையும் விந்து வங்கிகளையும் பதிவு செய்யச் சொல்கிறது. விந்து தானம் செய்பவரின் வயது 21 முதல் 55 வரை என்கிறது. ஒருவருடைய விந்தை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. நிலையத்தில் வேலை செய்யும் கருவியல் நிபுணருக்குப் படிப்பும் அனுபவமும் எவ்வளவு வேண்டும் என்பதை 2022-ம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. எல்லாம் நல்லதே. ஆனால் விந்தைப் பார்த்து எண் எழுதிக் கொடுப்பதோடு நிற்கும் பேட்டைப் பரிசோதனைக்கூடம் அந்தச் சட்டத்தின் பார்வையில் சிகிச்சை நிலையமன்று. தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டம் பதிவைப் பற்றிப் பேசுகிறது. இந்த ஒரு பரிசோதனையில் கை தேர்ந்தவரா என்று அது கேட்பதில்லை. தேசிய அங்கீகார வாரியத்தின் தரச் சான்று இருக்கிறது. அதைப் பெறுவது அவரவர் விருப்பம். ஏடு நான்கு வந்தும், மைக்ராஸ்கோப்பின் முன் உள்ள நாற்காலியில் உட்காருகிறவரிடம் எண்ணிக் காட்டு என்று கேட்க ஆள் இல்லை.

செய்யக் கூடியது மலைப்பான காரியமன்று. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில், அடையாற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பரிசோதனைக்கூடப் படிப்பில் தேர்வு எழுதும் மாணவர் இத்தனை மாதிரிகளைத் தம் கையால் எண்ணிக் காட்டினார் என்ற பதிவு வேண்டும் என்று அது நிர்ணயிக்கலாம். தொழிலில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு மையத்தில் நாலு நாள் வகுப்பு நடத்தலாம். பயிற்சி முடிந்தபின், வருஷத்தில் சில முறை ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கும் அனுப்பி, யார் எவ்வளவு விலகுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரை போன்றவற்றுக்கு இத்தகைய திட்டத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல வருஷங்களாக நடத்தி வருகிறது. சர்க்கரைக்கு உள்ள காவல் சந்ததிக்கு வேண்டாமா?

கூட முதலாளிகள் சிலர், இருநூறு அணுக்களை இரண்டு முறை எண்ணிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சரியாகச் செய்தால் ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டணம் சற்று உயரட்டும். அல்லது, எங்களிடம் இந்த வசதி இல்லை, இன்ன இடத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பட்டும். அரைகுறையாகச் செய்து கொடுத்த மலிவான ரிப்போர்ட், தேவையில்லாத சிகிச்சைக்கு ஒரு தம்பதியை அனுப்பினால் அவர்கள் கொடுக்கும் விலை எத்தனை மடங்கு!

நாம் கேட்க வேண்டியவை

அரசாங்கம் செய்யும்வரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் நாலு கேள்வி கேட்கலாம். எந்த முறைப்படி எண்ணுகிறீர்கள்? வெளிப்பட்ட நேரமும் பார்த்த நேரமும் ரிப்போர்ட்டில் இருக்குமா? எத்தனை அணுக்களை எண்ணினீர்கள்? வெளியிலிருந்து யாராவது உங்கள் கணக்கைச் சரிபார்க்கிறார்களா? இவற்றுக்குப் பதில் சொல்லக் கூடிய இடத்தில் நம்பிக் கொடுக்கலாம். முடிவு குறைவாக வந்தால், மறுமுறை பார்க்காமல் மனம் உடையாதீர்கள்; அதைக் கொண்டு எந்தப் பெரிய சிகிச்சைக்கும் உடனே இசையாதீர்கள்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகளை நாலு டாக்டரிடம் அனுப்புமுன் மகனை ஒரு முறை அனுப்புங்கள். அதனால் அவன் ஆண்மைக்கு இழுக்கில்லை. எண்ணிக்கை குறைந்தவன் ஆண்மை குறைந்தவன் அல்லன்.

குழந்தை இல்லை என்று ஒரு பெண்ணை ஏசிய காலம் இன்னும் முழுதாக மறையவில்லை. அந்த ஏச்சுக்கு முடிவு கட்டும் சக்தி இந்தச் சிறு பரிசோதனைக்கு உண்டு. ஆனால் தவறாக எண்ணினால், மனைவியின் தலையிலிருந்து பழியை இறக்கிக் கணவனின் தலையில் ஏற்றிவைப்பதற்கு மேல் அது எதுவும் செய்யாது. சம்பந்தப்பட்டவர்கள் இதை உணர்ந்து, எண்ணுகிற கைகளுக்கு முறையான பயிற்சி கிடைக்க ஆவன செய்வார்களாக.